பர்ப்பிள் மார்ட்டினுக்கு வீடு வைக்கப் போகிறீர்களா?

வட அமெரிக்காவில் ராக்கி மலைக்குக் கிழக்கே வாழும் பர்ப்பிள் மார்ட்டின் பறவைகள், மனிதர் வைத்துக் கொடுக்கும் கூட்டில்தான் ஏறக்குறைய எல்லாமே குஞ்சு பொரிக்கின்றன. மேற்கே இன்னும் மரப்பொந்துகளிலும், அரிசோனாப் பாலைவனத்தில் சகுவாரோ கள்ளியில் மரங்கொத்தி குடைந்த ஓட்டைகளிலும் குடியிருக்கின்றன. கிழக்கே அந்தப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. சாக்டா, சிக்கசா பூர்வகுடிகள் காய்ந்த சுரைக்குடுக்கைகளைக் கம்பில் கட்டித் தொங்கவிட்டு இந்தப் பறவையைத் தங்கள் ஊருக்குள் வரவழைத்தார்கள். பிறகு குடியேறியவர்களும் அதைப் பார்த்துச் செய்தார்கள். தலைமுறை தலைமுறையாக அப்படியே பழகி, இன்று அந்தப் பறவைக்கு நம்மை விட்டால் போக்கிடம் இல்லை.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. தோட்டத்துக்கு அழகாக இருக்கும் என்று கடையில் ஒரு வெள்ளைப் பெட்டி வாங்கி மாட்டிவிட்டு மறந்துபோகிறவர்கள் நிறைய. அந்தப் பெட்டியில் சிட்டுக்குருவியோ பாம்போதான் கடைசியில் வாழும். பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை வாரத்துக்கு ஒருமுறையாவது இறக்கிப் பார்க்க முடியும் என்றால் மட்டும் தொடங்குங்கள். முடியும் என்பவர்களுக்கு, வீட்டுப் பின்பக்கத்தில் இதைவிடச் சந்தோஷம் தரும் வேலை வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நான் எழுதுவது டெக்சஸ், ஹூஸ்டன் பக்கத்துக் கணக்கு. வடக்கே இருப்பவர்கள் தேதிகளை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

பறவையைப் பற்றிக் கொஞ்சம்

தகைவிலான் குருவிகளின் குடும்பம். வட அமெரிக்கத் தகைவிலான்களில் இதுதான் பெரியது. நீளம் 8 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, எடை 50 கிராம் சுற்றி இருக்கும். வளர்ந்த ஆண் உடம்பு முழுக்கக் கருநீலம், வெயில் பட்டால் ஊதாவாக மின்னும். பெண்ணுக்கு வயிறு சாம்பல் நிறம். போன வருஷம் பிறந்த ஆணும் கிட்டத்தட்ட பெண்ணைப் போலத்தான் இருக்கும், கழுத்திலும் மார்பிலும் திட்டுத்திட்டாகக் கருப்பு மட்டும் தெரியும். இந்த ஒரு வயதுப் பறவையை அடையாளம் கண்டுகொள்ளப் பழகுங்கள். புது இடத்துக்குக் குடிவருவது பெரும்பாலும் அதுதான்.

குளிர்காலத்தைத் தென் அமெரிக்காவில், முக்கியமாகப் பிரேசிலில் கழித்துவிட்டு வருகின்றன. சாப்பாடு முழுவதும் பறக்கும் பூச்சி, அதையும் பறந்தபடியே பிடிக்கும். தானியத்தட்டு வைத்து இவற்றை வரவழைக்க முடியாது.

கொசுவை ஒழிக்கும் பறவை என்ற பேச்சை நம்பி யாரும் வீடு வைக்க வேண்டாம். மார்ட்டின் பகலில், உயரத்தில் இரை தேடும். கொசு அந்தி நேரத்தில், தரையை ஒட்டித் திரியும். தட்டான், வண்டு, ஈ, பட்டாம்பூச்சி, இறக்கை முளைத்த எறும்பு இவைதான் அதன் சாப்பாடு. நம் புல்வெளியில் மேடு போட்டுக் காலைக் கடிக்கும் ஃபயர் ஆன்ட் இருக்கிறதே, அதன் ராணிகள் இறக்கையோடு கிளம்பும்போது மார்ட்டின் பிடித்துத் தின்னும். டெக்சஸ்காரர்களுக்கு அது போதாதா?

இடம்தான் எல்லாம்

பணம் செலவழிப்பதற்கு முன் ஒரு டேப் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் நில்லுங்கள். கம்பம் நடப்போகும் இடத்திலிருந்து எந்த மரமும் 40 அடிக்குள் இருக்கக் கூடாது. 60 அடி கிடைத்தால் இன்னும் நல்லது. உயரமான மரம் என்றால் இன்னும் தள்ளிப் போங்கள். கூப்பர்ஸ் ஹாக் என்ற வல்லூறு மரக்கிளைக்குள் மறைந்திருந்து பாய்ந்து அடிக்கும். மார்ட்டினுக்கு அது நன்றாகத் தெரியும், அதனால் மரம் நெருங்கிய கூட்டை எட்டிக்கூடப் பார்க்காது. வட்டமடித்துச் சறுக்கி இறங்க நாலாபக்கமும் வெட்டவெளி வேண்டும்.

மனிதர் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதும் இதற்குப் பிடிக்கும். ஆள் நடமாட்டம் இருந்தால் பருந்தும் ஆந்தையும் தயங்கும் அல்லவா? வீட்டுச் சுவரிலிருந்து 30 முதல் 120 அடிக்குள் கம்பம் இருக்கட்டும். கம்பத்தைச் சுற்றிக் கொடி, புதர் எதுவும் வேண்டாம், வெட்டிய புல் போதும். அருகில் குளமோ ஏரியோ இருந்தால் தட்டானுக்குப் பஞ்சமிருக்காது.

நம்மவர்கள் அதிகம் இருக்கும் கேட்டி, ஃப்ரிஸ்கோ மாதிரிப் பகுதிகளில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. புதிதாகப் போட்ட குடியிருப்புகளில் மரங்கள் இன்னும் ஆளுயரம்தான், மழைநீர் தேக்கும் குளமும் பக்கத்திலேயே இருக்கும். மார்ட்டின் தேடுவது இதைத்தான். ஆனால் பில்டர் நட்டுவிட்டுப் போன ஓக் கன்று பத்து வருஷத்தில் மரமாகிவிடும். நன்றாக நடந்துகொண்டிருந்த கூடு ஒரு வசந்தத்தில் காலியாகக் கிடந்தால், முதலில் மரத்தை அளந்து பாருங்கள்.

பின்பக்கம் முழுக்க மரம் என்றால் வீடு வைக்காதீர்கள், வராது. பக்கத்துப் பூங்காவிலோ பள்ளி மைதானத்திலோ ஏற்கெனவே கம்பம் இருந்தால் அதைப் பராமரிக்கும் குழுவோடு சேர்ந்துகொள்ளுங்கள். ஆள் போதாமல்தான் பெரும்பாலான இடங்களில் கஷ்டப்படுகிறார்கள்.

இடம் சரி என்று தோன்றினால் இரண்டு வேலை. எச்.ஓ.ஏ. என்ற குடியிருப்போர் சங்கம் இருந்தால் கம்பத்துக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். குழி தோண்டுவதற்குச் சில நாள் முன்பே 811-ஐ அழைத்து, மண்ணுக்கடியில் கேஸ், மின்சாரக் கம்பி போகும் இடத்தைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். இலவசம்தான்.

பெட்டியா, குடுக்கையா?

புதியவர்களுக்கு என் யோசனை குடுக்கைதான். அறை ஆழமாக இருப்பதால் ஆந்தை கால் விட்டுக் குஞ்சை இழுப்பது சிரமம். காற்றில் ஆடுவதால், மார்ட்டினின் இடத்தைப் பிடிக்கப் பார்க்கும் சிட்டுக்குருவிக்கும் ஸ்டார்லிங் என்ற பறவைக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. பிளாஸ்டிக்கில் செய்த குடுக்கைகள் கதவு, மூடி எல்லாம் பொருத்தியே கிடைக்கின்றன, பல வருஷம் உழைக்கும். மார்ட்டின் கூட்டமாக வாழும் பறவை என்பதால் குறைந்தது நாலு அறையாவது வைக்க வேண்டும். ஆறு இருந்தால் நிறைவு.

பெட்டிதான் வேண்டும் என்றால் அறையின் அளவைக் கேட்டு வாங்குங்கள். பழைய மாடல்களில் ஓர் அறை 6க்கு 6 அங்குலம்தான். வாசலிலிருந்து ஒரு சாண்கூட உள்ளே தள்ளிப் போக முடியாத அந்த அறையில் குஞ்சுகளுக்குப் பாதுகாப்பும் இல்லை, மழையும் அடிக்கும். 6க்கு 12 அங்குலம் இருக்க வேண்டும். பழைய பெட்டி ஏற்கெனவே இருந்தால் நடுத்தடுப்பை எடுத்து இரண்டு அறையை ஒன்றாக்கலாம். நிறம் வெள்ளைதான். டெக்சஸ் ஜூன் வெயிலில் கருநிறப் பெட்டிக்குள் குஞ்சு வெந்துபோகும்.

வாசல் இரண்டு விதம். வட்டமாக இருந்தால் 2 1/8 அங்குலம். இன்னொன்று பிறைவடிவம்: அடி தட்டையாக, மேலே வளைவாக, அகலம் 3 அங்குலம், உயரம் 1 3/16 அங்குலம். ஸ்டார்லிங்கின் மார்பு தடித்தது, இந்தப் பிறைக்குள் அதனால் நுழைய முடியாது. மார்ட்டின் தட்டையாகப் படுத்து நுழைந்துவிடும். உயரத்தில் நூலளவு கூடினாலும் ஸ்டார்லிங் உள்ளே வரும், குறைந்தால் மார்ட்டின் மாட்டிக்கொள்ளும். அதனால் பிறைவாசலை வீட்டில் வெட்டாதீர்கள், செய்த தகடாகவே வாங்கிப் பொருத்துங்கள். தட்டையான அடிப்பக்கம் வாசல்படியை ஒட்டியே இருக்க வேண்டும்.

சொந்தமாகக் குடுக்கை செய்ய ஆசையா? மார்ட்டினுக்குத் தொங்கவிடும் குடுக்கையும் நாம் கூட்டு வைக்கும் சுரைக்காயும் ஒரே செடி இனம்தான். சமையலுக்கான நீட்டுச் சுரை ஆகாது. கழுத்து ஒடுங்கி வயிறு உருண்ட வகைக்கு விதை இங்கே கிடைக்கிறது. பந்தல் போட்டு வளர்ப்பது, ஆண்பூவைக் கிள்ளிப் பெண்பூவில் தடவுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. காயைக் கொடியிலேயே முற்றவிட்டு, காம்பு பழுப்பான பிறகு பறித்துக் காற்றோட்டமான இடத்தில் சில மாதம் காயப்போடுங்கள். தோல் மேல் பூஞ்சை படர்ந்து அசிங்கமாகத்தான் ஆகும், அழுகிவிட்டது என்று தூக்கி எறிய வேண்டாம். ஆட்டிப் பார்த்தால் உள்ளே விதை கலகலக்க வேண்டும், அதுதான் பதம்.

தண்ணீரில் ஊறவைத்து மேல்தோலைச் சுரண்டிவிடுங்கள். வயிறு 8 முதல் 10 அங்குல விட்டம் வரும் காயை மட்டும் எடுங்கள். வாசலுக்கு இடம் குறிப்பதில்தான் சூட்சுமம். காயைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, தானாக ஆடி நின்ற பிறகு, பக்கவாட்டில் அதிகம் புடைத்திருக்கும் புள்ளியில் பென்சிலால் குறியுங்கள். அங்கே துளைத்தால் வாசல் நேரே பார்க்கும். அதற்கு மேலே துளைத்தால் மழை உள்ளே இறங்கும். துளைக்கும்போதும் உள்ளே சுரண்டும்போதும் முகக்கவசம் போடுங்கள், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. அடியில் தண்ணீர் வடிய சில சிறு துளை, கழுத்துக்குக் கீழே காற்றுக்கு இரண்டு துளை, பக்கத்தில் கை நுழையும் அளவுக்கு மூடி போட்ட ஒரு வாய். அப்புறம் வெளிப்புறம் வெள்ளை பெயின்ட் இரண்டு கை. உள்ளே எதுவும் பூச வேண்டாம்.

கம்பம்

கூட்டை ஏணி வைத்து ஏறிப் பார்க்கும்படி நடாதீர்கள். ஏணி என்றால் இரண்டாவது வாரமே யாரும் ஏறமாட்டார்கள். கப்பியும் கயிறும் வைத்தோ, வின்ச் வைத்தோ, தரையில் நின்றபடி இறக்கி ஏற்றும் கம்பம்தான் வேண்டும். இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். கூடு தரையிலிருந்து 12 முதல் 15 அடி உயரத்தில் நிற்கட்டும். அடிக்குக் கான்கிரீட் போடுங்கள். இறக்கி ஏற்றும்போது ஒவ்வொரு அறையும் பழைய திசையையே பார்க்கும்படி கம்பத்தில் ஒரு குறி போட்டு வையுங்கள். தெற்கே பார்த்த வாசல் கிழக்கே திரும்பிவிட்டால் தாய்ப்பறவை குழம்பிவிடும்.

கம்பம் நட்ட அன்றே காவலும் போட்டாக வேண்டும். ராக்கூன் வழுக்குக் கம்பத்திலும் ஏறும். இங்கே ரேட் ஸ்நேக் என்று ஒரு பாம்பு உண்டு. விஷமில்லை, ஆனால் ஒரே ராத்திரியில் ஒரு கம்பத்தின் மொத்தக் கூட்டையும் காலி செய்துவிடும். காலையில் பார்த்தால் எல்லாம் முந்தின நாள் போலவே இருக்கும், ஓர் இறகுகூடக் கீழே கிடக்காது. குஞ்சுகள் மட்டும் இருக்காது. கம்பத்தைச் சுற்றி நாலைந்து அடி உயரத்தில் 8 அங்குல விட்டமுள்ள தகரக் குழாயை, குறைந்தது 2 அடி நீளத்துக்கு, மேல்வாயை வலைத்தகடால் அடைத்துத் தொங்கவிடுங்கள். பாம்பு குழாய்க்குள் ஏறி முட்டிக்கொண்டு திரும்பிவிடும். கிரீஸ் தடவினால் போதும் என்பார்கள். வெயிலில் காய்ந்துவிடும், இறகில் ஒட்டினால் பறவைக்குக் கேடு. வேண்டாம்.

சிட்டுக்குருவி விஷயம்

இதை எழுதுவது எனக்கே சங்கடம்தான். ஊரில் சிட்டுக்குருவி குறைந்துவிட்டது என்று அட்டைப்பெட்டி வைத்து அழைக்கிறோம். அதே குருவியை 1850களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் புரூக்ளினில் கொண்டுவந்து விட்டார்கள். 1890-இல் அதே நகரத்தின் சென்ட்ரல் பார்க்கில் ஸ்டார்லிங்கை விட்டார்கள். மைனாவின் உறவு அது. இரண்டும் கண்டம் முழுக்கப் பரவி, பொந்தில் வாழும் உள்ளூர்ப் பறவைகளைத் துரத்துகின்றன. ஆண் சிட்டுக்குருவி ஓர் அறையைப் பிடித்துக்கொண்டால் அதோடு நிற்காது. பக்கத்து அறைகளில் இருக்கும் மார்ட்டின் முட்டையைக் கொத்தி ஓட்டை போட்டு வெளியே தள்ளும், குஞ்சையும் கொல்லும்.

பிறைவாசல் ஸ்டார்லிங்கைத் தடுக்கும், குருவியைத் தடுக்காது. எனவே மார்ட்டின் வரும்வரை அறைகளை அடைத்தே வையுங்கள். குருவி புல், இறகு, பேப்பர் எல்லாம் இழுத்துவந்து அறை நிறையத் திணித்துக் கூடு கட்டும். மார்ட்டின் கூடு தட்டையாக, குச்சியும் சேறுமாக, மேலே பச்சை இலை பரப்பி இருக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. குருவிக்கூட்டைக் கண்டதும் எடுத்துவிடுங்கள். ஆனால் மார்ட்டின் முட்டையிட்ட பிறகு கூட்டை மட்டும் எடுப்பது ஆபத்து, கோபத்தில் அந்த ஆண்குருவி அக்கம்பக்கத்து முட்டைகளைத்தான் உடைக்கும். அந்த நிலையில் குருவியையே பொறி வைத்துப் பிடிக்க வேண்டும். சிட்டுக்குருவியும் ஸ்டார்லிங்கும் 1918-ஆம் வருஷத்து வலசைப் பறவைச் சட்டத்தின் பாதுகாப்பில் இல்லை. ப்ளூபேர்ட், ட்ரீ ஸ்வாலோ, ரென் போன்ற உள்ளூர்ப் பறவைகள் பாதுகாப்பில் இருக்கின்றன, அவற்றின் முட்டையுள்ள கூட்டைத் தொடவே கூடாது. அடையாளத்தில் சந்தேகம் இருந்தால் கை வைக்காதீர்கள்.

இதற்கு மனது ஒப்பாது என்றால் வீடு வைக்காமல் இருப்பதே நல்லது. கண்டுகொள்ளாமல் விட்ட கம்பம் குருவிப் பண்ணையாகி, சுற்றுவட்டாரத்து மார்ட்டின்களுக்கும் சேர்த்துக் கேடு செய்யும்.

எப்போது திறப்பது?

ஃப்ளோரிடாவுக்கும் டெக்சஸ் கடற்கரைக்கும் முதல் பறவைகள் ஜனவரியிலேயே வரத் தொடங்கும். வடக்கே கனடா எல்லைப் பக்கம் ஏப்ரல் ஆகிவிடும். முதலில் வருபவற்றை இங்கே ஸ்கவுட் என்பார்கள். கூட்டத்துக்கு இடம் பார்த்துச் சொல்லப் போகிற ஆள் என்று நினைக்காதீர்கள், அவை வயதில் மூத்த பறவைகள், அவ்வளவுதான். போன வருஷம் குஞ்சு பொரித்த இடத்துக்கே நேராகப் போய்விடும், உங்கள் புதுக்கூட்டைச் சட்டை செய்யாது. உங்களுக்கு வேண்டியது ஒரு வயதுப் பறவை. அது நாலைந்து வாரம் கழித்துத்தான் வரும். ஹூஸ்டனில் மார்ச் நடுவில் திறந்தால் சரியாக இருக்கும். எல்லா அறையையும் ஒரே நாளில் திறக்காமல் இரண்டு இரண்டாகத் திறங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி காய்ந்த பைன் இலை போட்டு வைப்பது நல்லது.

விடியலில் ஆண் மார்ட்டின் உயரத்தில் பறந்தபடி விடாமல் பாடும். அந்தப் பாட்டின் ஒலிப்பதிவு கிடைக்கிறது. காலை 4 மணியிலிருந்து வெளிச்சம் வரும்வரை, பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பாத சத்தத்தில் போடுங்கள். வழியில் போகும் இளம்பறவைகளை இழுக்க இதைவிடப் பலனுள்ள வழி கிடையாது. ஜூன் முடிகிறவரை அறையை மூடிவிடாதீர்கள். முதல் வருஷம் யாரும் தங்காமல், ஜூலையில் சில பறவைகள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போனால் அடுத்த வருஷத்துக்கு நம்பிக்கை வைக்கலாம்.

குடிவந்த பிறகு

தினம் ஒன்றாக நாலு முதல் ஆறு வெள்ளை முட்டை. அடைகாப்பு 15, 16 நாள். பொரித்த குஞ்சு பறக்க நாலு வாரம். அறைகளுக்கு எண் போட்டு, ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை கம்பத்தை இறக்கி, ஒவ்வொன்றிலும் எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு என்று நோட்டில் எழுதுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. நீங்கள் கூட்டை ஏற்றி முடிப்பதற்குள் அது வாசலுக்கு வந்துவிடும். குஞ்சுக்கு 22 நாள் ஆனதும் அந்தக் கூட்டைத் திறப்பதை நிறுத்துங்கள். பயந்துபோய் பறக்கத் தெரியாமலே வெளியே குதித்துவிடும். கீழே விழுந்த குஞ்சு கிடைத்தால், அதே வயதுக் குஞ்சுகள் இருக்கும் அறையில் வைக்கலாம்.

முட்டையிடும் பெண்ணுக்குச் சுண்ணாம்புச்சத்து வேண்டும். கோழிமுட்டை ஓட்டை ஓவனில் சூடாக்கி நொறுக்கி ஒரு தட்டில் வையுங்கள், குஞ்சுக்கும் கொண்டுபோய் ஊட்டும்.

குளிர்தான் பெரிய எமன். 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் பூச்சி பறக்காது, பூச்சி பறக்காவிட்டால் மார்ட்டினுக்குச் சோறில்லை. இரண்டு மூன்று நாள் அப்படியே நீடித்தால் பட்டினியில் சாகத் தொடங்கும். 2021 பிப்ரவரியில் டெக்சஸை உறையவைத்த புயலில், சீக்கிரம் வந்து சேர்ந்திருந்த பறவைகள் நிறையச் செத்தன. இதற்கு ஒரு வழி இருக்கிறது. செல்லப்பிராணிக் கடையில் கிரிக்கெட் பூச்சி வாங்கி ஃப்ரீசரில் போட்டு வையுங்கள். குளிர் இரண்டாம் நாளைத் தொடும்போது அதை உருகவிட்டு, ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் ஒவ்வொன்றாக வைத்து, நுனியை விரலால் வளைத்து, கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு முன்னால் பறக்கும்படி சுண்டிவிடுங்கள். முதல் பத்து இருபது பூச்சிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரு பறவை பாய்ந்து பிடித்துவிட்டால் போதும், மற்றவை தானாகக் கற்றுக்கொள்ளும். பழகிய பிறகு உயரத்தில் தட்டு வைத்து அதில் போடலாம். பூச்சி கைவசம் இல்லாவிட்டால் எண்ணெய், உப்பு எதுவும் இல்லாமல் கிளறிய முட்டைப் பொடிமாஸையும் துண்டு துண்டாகச் சுண்டலாம், தின்னும்.

சீசன் முடிந்ததும்

குஞ்சுகள் பறந்த பிறகு, தெற்கே கிளம்புவதற்கு முன், சுற்றுவட்டாரத்துப் பறவைகள் எல்லாம் சேர்ந்து ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் இரவு தங்கும். ஆஸ்டின் பக்கம் ஜூலையில் இப்படித் தங்குவதைப் பார்க்க ஆட்கள் நாற்காலியோடு வருகிறார்கள். தென் கரோலினாவில் லேக் மரே ஏரியின் பாம் தீவும் இதற்குப் பேர்போனது. காலையில் அவை ஒன்றாகக் கிளம்பும்போது வானிலை ரேடாரில் வளையமாகவே தெரியும்.

கடைசிப் பறவையும் போன பிறகு குடுக்கைகளைக் கழற்றிப் பழைய கூட்டை வழித்துப் போட்டு, தண்ணீரில் கொஞ்சம் பிளீச் கலந்து கழுவி, நன்றாகக் காயவைத்து கராஜில் எடுத்து வையுங்கள். பெட்டியாக இருந்தால் கம்பத்திலேயே வாசல்களை அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குளிர்காலத்தில் குருவி குடிபுகும். பென்சில்வேனியாவில் எரீ நகரத்தில் இருக்கும் பர்ப்பிள் மார்ட்டின் கன்சர்வேஷன் அசோசியேஷன், ஒவ்வொரு ஊருக்கும் முதல் பறவை என்றைக்கு வந்தது என்ற கணக்கை வைத்திருக்கிறது. உங்கள் நோட்டில் இருக்கும் முட்டை, குஞ்சுக் கணக்கையும் அவர்களுக்கு அனுப்பலாம். கயிறு நைந்திருக்கிறதா, தகரக் குழாய் தொய்ந்திருக்கிறதா என்று டிசம்பரிலேயே பார்த்துச் சரிசெய்துவிடுங்கள். ஒருமுறை குஞ்சு பொரித்த பறவை அடுத்த வருஷம் மூத்தவற்றோடு சீக்கிரமே வரும், அப்போது மார்ச் வரை காத்திருக்காமல் பிப்ரவரித் தொடக்கத்திலேயே திறக்க வேண்டியிருக்கும்.